ஒருபொருட் பன்மொழியும் சொற்றெரிவும்

ஆங்கிலச் சொற்றுணை நூல்கள் சிலவற்றைப் பற்றிய ஆராய்ச்சி

ஆங்கிலக் கட்டுரைத் தாள்களைத் திருத்தும் ஆசிரியர் எவருக்கும் ஓர் அனுபவம் உண்டு. எளிய சொற்களாலே நேரிதாகச் சென்றுகொண்டிருக்கும் மாணவன் ஒருவனுடைய கட்டுரையிலே, எவரும் எதிர்பாராத இடத்தில், பாரிய சொல்லொன்று வந்து வீற்றிருக்கும். அச்சொல் அவனுடையதன்று என்பது பார்த்த மாத்திரத்தே புலப்படும். தன் அப்பாச்சியைப் பற்றி எழுதப் புகுந்த மாணவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவர் முதியவர் என்று கூறுதற்கு ‘ஓல்ட்’ என்னுஞ் சொல் அவனுக்குத் தெரியும். ஆயின், அஃது எல்லாருக்குந் தெரிந்த சொல்லாதலின் தேர்வாளர் மதியார் என அஞ்சி, ஒருபொருட் பன்மொழி அகராதி ஒன்றைப் புரட்டுகின்றான். அங்கே ‘ஓல்ட்’ என்பதற்கு அணித்தாக ‘அன்டீக்’ என்னுஞ் சொல் நிற்கின்றது. அதனை எடுத்து எழுதிவிடுகின்றான். பழம்பொருட் கடையிலே விலைச்சீட்டுக் கட்டி வைக்கத்தக்க பண்டமாக அப்பாச்சி மாறிவிடுகின்றார். மாணவன் பொய் சொல்ல எண்ணினானல்லன். அகராதியும் பொய் சொல்லிற்றன்று. ஆயினும் வாக்கியம் பொய்யாயிற்று.

இப்பிழைக்குப் பொறுப்பாளர் யார்? சொல்லைத் தெரிந்தெடுத்த மாணவனா? சொற்களை அடுக்கி வைத்த நூலாசிரியரா? அன்றி, ஒருமுறை வந்த சொல் மறுமுறை வரலாகாது என்று போதித்த ஆசிரியர்களாகிய நாமா? இவ்வினாவை முன்வைத்து, ஆங்கிலத்திலே சொற்றெரிவுக்குத் துணையாகக் கொள்ளப்படும் நூல்கள் சிலவற்றின் நெறியையும், அவற்றாற் பெறும் பயனையும், அவை நம்மைக் கைவிடும் இடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் ஒருபொருட் பன்மொழிகள் பெருகியமைக்குக் காரணம் அம்மொழி வழங்கிய நாட்டின் வரலாறே. ஐந்தாம் நூற்றாண்டளவிலே ஆங்கிலர், சாக்சனியர் முதலிய செர்மானிய மக்கள் கொண்டுவந்த மொழியே அதன் அடித்தளம். 1066ஆம் ஆண்டிலே நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி ஆட்சிபெற்றது. பின்னர் மறுமலர்ச்சிக் காலத்திலே கற்றோர் இலத்தீனிலிருந்து நேரே சொற்களை எடுத்தாண்டனர். இங்ஙனம் ஒரு பொருளுக்கே மூவகைச் சொற்கள் வந்து சேர்ந்தன. முடித்தலைக் குறிக்க ‘எண்ட்’ என்னும் பழஞ்சொல்லும், ‘பினிஷ்’ என்னும் பிரெஞ்சு வழிச் சொல்லும், ‘கொன்குளூட்’ என்னும் இலத்தீன் வழிச் சொல்லும் உள. அரசர்க்குரிய தன்மையைக் கூற ‘கிங்லி’, ‘றோயல்’, ‘றீகல்’ என மூன்று அடைகள் உள.

ஆளுவோர் மொழியும் ஆளப்படுவோர் மொழியும் ஒருங்கு வழங்கிய காலத்தின் சுவட்டைச் சமையலறையிலுங் காணலாம். தொழுவத்தில் நிற்கும்போது ‘கௌ’ ஆகவும் ‘ஷீப்’ ஆகவும் இருந்த விலங்குகள், உணவு மேசைக்கு வந்தவுடன் ‘பீப்’ எனவும் ‘மட்டன்’ எனவும் பிரெஞ்சுப் பெயர் பெற்றன. மேய்த்தவன் ஆங்கிலன், உண்டவன் நோர்மானியன். சேர் வோல்டர் ஸ்கொட் 1819இல் வெளியிட்ட ‘ஐவன்கோ’ என்னும் நவீனத்திலே பன்றி மேய்ப்பானும் விகடகவியும் உரையாடுமிடத்து இவ்வுண்மையை நகைச்சுவைபட அமைத்துள்ளார்.

இவ்விடத்து ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரே பொருளைக் குறித்து இரு சொற்கள் ஒரு மொழியில் நெடுங்காலம் வாளா இருப்பதில்லை. ஒன்று வழக்கொழியும்; அன்றேல் இரண்டுந் தம்முள் எல்லை வகுத்துக்கொள்ளும். மேற்கூறிய மூன்று அடைகளும் அவ்வாறே பிரிந்தன. ‘றோயல்’ என்பது உண்மையில் அரசரைச் சார்ந்ததைக் குறிக்கும். அரச குடும்பம் ‘றோயல்’. ‘றீகல்’ என்பது தோற்றத்தின் மாட்சியைக் குறிக்கும். ஏழையொருத்தியின் நடையும் ‘றீகல்’ ஆகலாம், ஆனால் ‘றோயல்’ ஆகமாட்டாது. ‘கிங்லி’ என்பது அரசனிடத்து நாம் எதிர்பார்க்கும் குணத்தைச் சுட்டும். அகராதியிலே அயலவராக இருப்பவை வாக்கியத்திலே வெவ்வேறு பணியைச் செய்கின்றன. விதிவிலக்காக, சட்டத்தார் மாத்திரமே இரட்டைச் சொற்களை இரட்டையாகவே வைத்துக் காத்தனர். ‘வில் அன்ட் டெஸ்டமன்ட்’, ‘கூட்ஸ் அன்ட் சட்டல்ஸ்’ என்னுந் தொடர்கள் அவற்றின் எச்சமாகும்.

இத்துணைச் சொற்பெருக்கத்தை ஒழுங்குபடுத்த முயன்ற நூல்களுட் புகழ்மிக்கது பீட்டர் மார்க் றோசே என்பார் 1852இல் வெளியிட்ட ‘தெசோறஸ்’ ஆகும். றோசே (1779–1869) தொழிலால் மருத்துவர். 1827 முதல் 1848 வரை இலண்டன் அரச விஞ்ஞானக் கழகத்தின் செயலாளராக விளங்கியவர். தம் சொந்தப் பயன்கருதி 1805இல் வகுத்துக்கொண்ட சொற்பட்டியலை, முதுமையிலே விரித்து நூலாக்கினார். அகராதி சொல்லைக் கொண்டு பொருளைக் காட்டுவது. றோசேயின் நூல் பொருளைக் கொண்டு சொல்லைக் காட்டுவது. அவர் மனிதர் எண்ணங்களை எல்லாம் பொதுத் தொடர்புகள், இடம், சடப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்ச்சி என ஆறு வகுப்புக்களாக்கி, அவற்றை 1000 தலைப்புக்களாகப் பிரித்து, ஒவ்வொரு தலைப்பின் கீழும் இனச்சொற்களைத் தொகுத்தார்.

இம்முறை நமக்குப் புதியதன்று. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பொருள்வகையாற் சொற்களைத் தொகுத்த திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளின் நெறியும் இத்தகையதே. இவ்வகை நூல்களுக்கு வடமொழி அமரகோசம் முன்னோடி என்பதை றோசே தாமே தம் முன்னுரைக் குறிப்பில் எடுத்துக் காட்டியுள்ளார். கோல்புறூக் என்பாரின் மொழிபெயர்ப்போடு 1808இற் சிறீராம்பூரில் அச்சான பதிப்பையும் சுட்டியுள்ளார்.

ஆயின் நிகண்டுக்கும் தெசோறசுக்கும் பயன்பாட்டிலே ஒரு வேற்றுமை உண்டு. நிகண்டு செய்யுள் செய்வார்க்கும் செய்யுள் கற்பார்க்கும் உதவும்பொருட்டு எழுந்தது. எதுகையும் மோனையும் சீரும் தளையும் நோக்கி, கடலை ஓரிடத்துப் பரவை எனவும் மற்றோரிடத்து ஆழி எனவும் புலவன் கூறுவான். அங்கு ஓசையே பெரும்பான்மையுந் தெரிவை நடத்துகின்றது. நிகண்டை நெட்டுருப்பண்ணிய பரம்பரையில் வந்த நம்மவர்க்கு, ஒருபொருட் பன்மொழி என்றவுடன் ஒன்றன் இடத்தில் ஒன்றை வைக்கலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகின்றது போலும். அவ்வெண்ணத்தோடு ஆங்கில உரைநடைக்குட் புகுவோமாயின் இடர்ப்படுதல் திண்ணம். உரைநடை ஓசைக்காகச் சொல்லை மாற்ற இடங்கொடாது. மாற்றினாற் பொருளும் மாறிவிடும்.

றோசேயின் நூலைக் குறைகூறுவார் பலர், அது சொற்களை வரையறை செய்யாது வெறுமனே அடுக்கித் தருகின்றது என்பர். உண்மையே. ஆயினும் குற்றத்தை அவர்மேற் சுமத்துதல் நீதியன்று. ஒத்த பொருளுடையனபோலத் தோன்றுஞ் சொற்களுக்கிடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகளை ஆராய்தல் வேறொரு துறை என்றும், தாம் அதிற் புகவில்லை என்றும், அதனை முற்ற முடித்தற்கு ஓர் ஆயுட்காலம் வேண்டும் என்றும் அவர் முன்னுரையிலேயே தெளிவுபடுத்தியுள்ளார். தாம் அறிந்த சொல்லொன்று நினைவுக்கு வராது தடுமாறும் எழுத்தாளனுக்கே அவர் நூல் செய்தார். அறியாத சொல்லை அறிமுகஞ் செய்துவைக்க அவர் முன்வரவில்லை. முன்னுரையைப் படியாது பட்டியலை மாத்திரம் படித்தவர் செய்த பிழை நூலாசிரியரைச் சாராது. நூலின் குறை யாதெனின், அதனை மிகுதியாக நாடுவோர் எவரோ அவருக்கே அது மிகக் குறைவாக உதவுகின்றது என்பதே. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டு நிறைய வாசித்தவன் அப்பட்டியலிற் பொருந்தாச் சொற்களைக் கண்டவுடனே தள்ளிவிடுவான். பிறமொழியாளனாகிய மாணவனிடத்து அத்தள்ளுங் கருவி இல்லை. ஆதலின் அவனுக்குப் பட்டியல் முழுவதும் ஒரு நிறமாகவே தோன்றும்.

றோசே விட்டுவைத்த துறையை அவருக்கு முன்னரே சிலர் தொட்டிருந்தனர். பிரான்சிலே கபிரியேல் சிறார் என்னும் பாதிரியார் 1718இல் வெளியிட்ட நூலொன்றிலே, முற்றும் ஒத்த பொருளுடைய இரு சொற்கள் இல்லை என்னுங் கொள்கையை நிலைநாட்ட முயன்றார். இங்கிலாந்திலே கலாநிதி யோன்சனின் நண்பராயிருந்த ஹெஸ்டர் பியோசி அம்மையார் 1794இல் இரு பாகங்கள் கொண்ட நூலொன்றை வெளியிட்டு, ஆங்கில இலக்கியங் கற்கும் தம் பிறநாட்டு நண்பர்களுக்கு அதனை உரிமையாக்கினார். அம்மையாரின் கணவர் இத்தாலியர். ஆதலின், அயன்மொழியாளன் எவ்விடத்தில் இடறி விழுவான் என்பதை இல்லத்திலேயே கண்டறியும் வாய்ப்பு அவர்க்கிருந்தது. உரையாடலில் வழங்குஞ் சொற்களையே அவர் பொருளாகக் கொண்டமை பாராட்டத்தக்கது.

1816இல் ஜோர்ஜ் கிறாப் வெளியிட்ட ‘இங்கிலிஷ் சினொனிம்ஸ்’ பல பதிப்புக்களைக் கண்ட நூல். கிறாப் ஒவ்வோர் இனச்சொற்கூட்டத்தையும் எடுத்து, முதலில் அச்சொற்களின் பிறப்பைக் கூறி, பின் அவற்றின் வேறுபாட்டை விளக்கிச் செல்வர். றோசே தாராத விளக்கத்தைத் தருவதால் இந்நூல் மாணவர்க்கு மிகப் பயன்படும் என எண்ணத் தோன்றும். ஆயின் அதன் அத்திவாரத்திலேயே ஓர் இளக்கம் உண்டு. சொல்லின் பிறப்பே அதன் பொருளுக்குச் சான்று என்று கொள்வது எப்பொழுதும் பொருந்தாது. ‘நைஸ்’ என்னுஞ் சொல் அறியாமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. இன்று இனிமையைக் குறிக்கின்றது. ‘சில்லி’ என்பது ஒருகாலத்தில் ஆசிபெற்றவனைக் குறித்தது. இன்று அறிவிலியைக் குறிக்கின்றது. பாட்டன் செய்த தொழிலைக் கொண்டு பேரனுடைய குணத்தைத் துணிய முடியாததுபோல, வேர்ச்சொல்லைக் கொண்டு வழக்குச்சொல்லின் பொருளைத் துணிய முடியாது. சொற்பிறப்பு சொல்லின் வரலாற்றைக் காட்டும். அதன் இன்றைய இருப்பிடத்தைக் காட்டாது.

பிறப்பைக் கொண்டு சொல்லைத் தெரியும் எண்ணம் வேறொரு வடிவிலும் வந்தது. எச்.டபிள்யூ. பௌலர் தம் சகோதரரோடு சேர்ந்து 1906இல் வெளியிட்ட ‘த கிங்ஸ் இங்கிலிஷ்’ என்னும் நூலின் தொடக்கத்திலே சொற்றெரிவுக்கு ஐந்து விதிகள் கூறப்பட்டுள. அரிய சொல்லினும் பழகிய சொல்லையும், நுண்பொருட் சொல்லினும் பருப்பொருட் சொல்லையும், சுற்றிவளைத்த தொடரினும் தனிச்சொல்லையும், நெடிய சொல்லினும் குறிய சொல்லையும், இலத்தீன்வழிச் சொல்லினும் சாக்சன் சொல்லையும் விரும்புக என்பன அவை. இவற்றுள் முதல் நான்கும் நம் மாணவர் சுவரில் எழுதி வைக்கத்தக்கன. ஐந்தாவது விதியோ ஐயத்திற்குரியது. மாணவன் ஒரு சொல்லை எழுதுமுன் அதன் குலங் கோத்திரம் விசாரிக்க வேண்டுமாயின் எழுதி முடிப்பது எப்போது? பௌலரே இருபதாண்டுகள் கழித்து, 1926இல் வெளியிட்ட ‘மொடேர்ன் இங்கிலிஷ் யூசேஜ்’ என்னும் அகராதியில், சாக்சன் சொற்களையே வலிந்து தேடுவது பேதைமை என்றும், தெளிவு, சுருக்கம், ஓசையின்பம் முதலியனவே தெரிவுக்குக் காரணமாதல் வேண்டும் என்றும் கூறித் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். முன்னைக் கூற்றைத் திருத்த அஞ்சாமை அறிஞர்க்கு அழகு.

எனினும் நெடிய இலத்தீன் சொற்கள்மேல் உள்ள மோகம் மாணவர்க்கே உரியதென்று எண்ணலாகாது. 1755இல் ஆங்கிலப் பேரகராதியை இயற்றிய யோன்சனைப் பற்றிப் பொஸ்வெல் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலே (1791) ஒரு நிகழ்ச்சி வருகின்றது. நாடகமொன்றைப் பற்றி யோன்சன் குறிய ஆங்கிலச் சொற்களாலே நறுக்கென்று ஒரு வாக்கியஞ் சொன்னார். பின்னர் அது தம் பெருமைக்குப் போதாதென எண்ணியவர்போல, அதே கருத்தை நெடிய இலத்தீன் சொற்களிலே பெயர்த்துரைத்தார். முதல் வாக்கியம் உயிருள்ளது. இரண்டாவது அதன் பாடம்பண்ணிய உடல். பேரறிஞர்க்கே இவ்விடறல் நேருமாயின், பரீட்சைக்கு எழுதும் மாணவனைக் கடிந்து என் பயன்?

இனி, நம்மேற் சாரும் பழியையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒரு பந்தியில் ஒரு சொல் இருமுறை வருதல் குற்றம் என்று வகுப்பறைகளிலே கூறிவருகின்றோம். இப்போதனையின் விளைவைப் பௌலர் ‘எலகன்ட் வேரியேசன்’ எனப் பெயரிட்டு எள்ளினார். முதல் வாக்கியத்தில் ‘கிங்’ என்றவனை அடுத்த வாக்கியத்தில் ‘மொனார்க்’ என்றும், அதற்கடுத்ததில் ‘சொவறின்’ என்றும் எழுதினால், அரசர் மூவர் வந்தனரோ என வாசகன் மயங்குவான். ஒரு பொருளைக் குறித்து ஒரு சொல்லை எடுத்தவிடத்து, பொருள் மாறுந்துணையும் அச்சொல்லையே ஆளுதல் வழுவன்று, நேர்மையாகும். சட்டநூலாரும் விஞ்ஞானிகளும் இதனை நன்கறிவர்.

அவ்வாறாயின் சொற்றெரிவுக்கு உரிய அளவுகோல்தான் யாது? றோசே பட்டியல் தந்தார். கிறாப் பிறப்பைத் தந்தார். பௌலர் விதி தந்தார். இவர்கள் மூவருங் குறைவாகவே நோக்கிய ஒன்று, சொல்லின் கூட்டுறவு. ஒரு சொல் எச்சொற்களோடு சேர்ந்து வழங்குகின்றதோ அச்சேர்க்கையும் அதன் பொருளின் ஒரு கூறு என்னுங் கருத்தை, இலண்டனிற் பேராசிரியராயிருந்த ஜே.ஆர். பேர்த் 1950களில் வலியுறுத்தினார். அவர் மாணவர் ஹலிடே 1966இல் எடுத்துக்காட்டியவாறு, சாயமேறிய தேநீர் ‘ஸ்றோங்’ ஆகும், ‘பவர்புல்’ ஆகாது. இரண்டு சொற்களும் வலிமையையே குறிக்கின்றன. ஆயினும் ஆங்கிலேயன் நாவில் தேநீர் ஒன்றனோடு சேரும், மற்றதனோடு சேராது. மழை மிகுந்தால் அது ‘ஹெவி’; காற்று மிகுந்தால் அது ‘ஸ்றோங்’. ஏனென்று வினவுவார்க்கு வழக்கு என்பதே விடை.

தொல்காப்பியங் கற்றார் இதனைக் கேட்டு வியப்படையார். அடிசில், அணி, இயம், படை முதலிய பொதுச்சொற்களுக்கு, அவற்றுள் அடங்கும் ஒரு பொருட்கே உரிய சிறப்பு வினையைக் கொடுத்தல் ஆகாதென்பது சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தின் விதி. குழல் ஊதப்படும், முழவு கொட்டப்படும். இரண்டையும் உள்ளடக்கிய ‘இயம்’ என்பதற்கோ இயம்புதல் என்னும் பொதுவினையே ஏற்றது. பெயரும் வினையும் தம்முட் பொருந்துதலை வழாநிலை எனவும் பொருந்தாமையை வழு எனவும் வகுத்த மொழியிற் பிறந்த நாம், ஆங்கிலச் சொற்களுக்கும் இத்தகைய உறவுகள் உள என்பதை மறத்தல் பொருந்துமா?

கூட்டுறவை ஆராயும் வாய்ப்பு இக்காலத்திலே பெருகியுள்ளது. 1994இல் நிறைவுற்ற பிரித்தானியச் சொற்றொகையிலே 10 கோடிச் சொற்கள் அளவான எழுத்தும் பேச்சும் கணினியிற் சேர்க்கப்பட்டுள. இத்தகைய தொகைகளை ஆராய்ந்த ஜோன் சின்கிளேர், மைக்கேல் ஸ்டப்ஸ் முதலியோர் வியத்தகு செய்திகளைக் கண்டனர். ‘கோஸ்’ என்னும் வினை, உண்டாக்குதல் என்னும் பொதுப்பொருளுடையதாக அகராதியிற் காணப்பட்டாலும், வழக்கிலே விபத்து, சேதம், துன்பம் முதலிய தீயவற்றையே பெரும்பான்மையுந் தழுவி நிற்கின்றது. நல்லாசிரியர் ஒருவர் மாணவரின் முன்னேற்றத்தைக் ‘கோஸ்’ செய்தார் என எழுதினால் இலக்கணவழு இல்லை. ஆயினும் முன்னேற்றம் ஒரு நோய்போல ஒலிக்கும். இந்நுட்பம் றோசேயின் பட்டியலிலும் இல்லை. கிறாப்பின் பிறப்பாராய்ச்சியிலும் இல்லை.

கூட்டுறவுக்கு அடுத்து நோக்கற்பாலது சொல்லின் எல்லை. ‘எம்ப்டி’, ‘வேக்கன்ட்’ என்னும் இரண்டும் வெறுமையைக் கூறும். உள்ளே ஒன்றும் இல்லாதது ‘எம்ப்டி’. இருக்கவேண்டியவர் இல்லாதது ‘வேக்கன்ட்’. தளபாடம் நிறைந்த வீடு குடியிருப்பார் இன்மையால் ‘வேக்கன்ட்’ ஆகலாம். ஆனால் அது ‘எம்ப்டி’ அன்று. வெற்றிடமான பதவியை ‘எம்ப்டி’ என்று விண்ணப்பத்தில் எழுதுபவன் அப்பதவியைப் பெறுதல் அரிது.

எல்லை வேறுபாடு இலக்கியத் திறனாய்வுக்கும் இன்றியமையாதது. தமிழிற் பொறாமை என்னும் ஒரு சொல்லாற் கூறப்படுவது ஆங்கிலத்தில் ‘என்வி’, ‘ஜெலசி’ என இரண்டாகப் பிரியும். பிறனிடத்து உள்ளதைக் கண்டு புழுங்குதல் ‘என்வி’. நம் அழுக்காறு என்பது பெரும்பாலும் இதுவே. தன்னுடையதைப் பிறன் கவர்ந்துகொள்வானோ என அஞ்சிக் காய்தல் ‘ஜெலசி’. 1604இல் அரசவையில் நடிக்கப்பட்ட சேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தை இவ்விரு சொற்களின் மோதலாகவே காணலாம். காசியோ பெற்ற பதவியைக் கண்டு புழுங்குபவன் இயாகோ. மனைவியை இழந்தேனோ என வெதும்புபவன் ஒதெல்லோ. தன்னிடமுள்ள ‘என்வி’ என்னும் நஞ்சை ஒதெல்லோவிடத்து ‘ஜெலசி’யாகப் பற்றவைப்பதே இயாகோவின் சூழ்ச்சி. விடைத்தாளிலே இருவரையும் ஒரு சொல்லாற் குறித்த மாணவன் நாடகத்தின் உயிர்நிலையைத் தவறவிட்டவனாவான். இன்றைய பேச்சு வழக்கிலே ‘ஜெலஸ்’ என்பது இரண்டுக்கும் வழங்குகின்றது என்பது மெய்யே. ஆயினும் திறனாய்வாளன் வேறுபாட்டை விட்டுக்கொடுத்தல் தகாது.

மூன்றாவதாக நோக்கற்பாலது, சொல்லுவோன் மனநிலை. ஒரே குணத்தை ‘பேர்ம்’ என்றால் உறுதி; ‘ஒப்ஸ்டினட்’ என்றால் பிடிவாதம்; ‘பிக்ஹெடட்’ என்றால் மூர்க்கம். தன்னைப் பற்றிப் பேசும்போது முதற்சொல்லையும், முன்னிற்பானைப் பற்றி இரண்டாவதையும், அங்கில்லாதவனைப் பற்றி மூன்றாவதையும் மனிதர் ஆளுவர் என்று, பேர்ட்றண்ட் றசல் 1948இல் பீ.பீ.சீ. வானொலியிலே வினைத்திரிபுபோல அடுக்கிக் காட்டி நகைத்தார். நகைப்பின் உள்ளே கடுமையான உண்மை உண்டு. சொல் பொருளை மாத்திரம் சுட்டுவதில்லை. சுட்டும் விரலையும் உடன் காட்டிவிடுகின்றது.

இவையெல்லாம் புலவர்க்கே உரிய நுணுக்கங்கள், வாழ்க்கைக்கு வேண்டியவையல்ல என்று கூறுவார்க்கு வரலாறு விடையிறுக்கும். வில்லியம் டின்டேல் 1526இல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது, ‘சேர்ச்’ என்னுமிடத்து ‘கொங்கிறிகேசன்’ எனவும், ‘பிறீஸ்ட்’ என்னுமிடத்து ‘சீனியர்’ எனவும், ‘சரிட்டி’ என்னுமிடத்து ‘லவ்’ எனவும் எழுதினார். ‘சேர்ச்’ என்றால் அதிகாரம் பெற்ற நிறுவனம். ‘கொங்கிறிகேசன்’ என்றால் கூடிய மக்கள். ‘பிறீஸ்ட்’ என்றாற் குருவானவர்; ‘சீனியர்’ என்றால் வயதில் மூத்தவர். அயற்சொல் ஒன்றை மாற்றியதாலே ஒரு திருச்சபையின் அமைப்பே ஆட்டங்கண்டது. சேர் தோமஸ் மோர் 1529இல் வெளியிட்ட நூலில் இச்சொற்களையே எடுத்துக் கடுமையாகச் சாடினார். டின்டேல் 1531இல் மறுமொழி எழுதினார். டின்டேல் சமயப் புரட்டர் எனத் தீர்க்கப்பட்டு 1536இற் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே மோரும் அரசனாற் கொலையுண்டிருந்தார். 1534ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலே ‘சீனியர்’ என்பதை ‘எல்டர்’ ஆக்கியிருந்தார் டின்டேல். பின்னர் ஜேம்ஸ் மன்னன் காலத்து மொழிபெயர்ப்பாளர்க்கு, ‘சேர்ச்’ என்பதைக் ‘கொங்கிறிகேசன்’ ஆக்கலாகாது என்று விதியே வகுக்கப்பட்டது. 1611இல் வெளிவந்த அம்மொழிபெயர்ப்பு ‘சேர்ச்’ என்பதைக் காத்தது. ‘எல்டர்’ என்பதை டின்டேலிடமிருந்து ஏற்றது. கொரிந்தியர்க்கெழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் அது வைத்த ‘சரிட்டி’, 1881ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மீண்டும் ‘லவ்’ ஆயிற்று.

நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இதற்குச் சான்றுண்டு. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, ஓர் ஆள் கொல்லப்பட்டமையை ‘மேடர்’ எனவும், ‘மேடர்’ அளவுக்கு எட்டாத குற்றமுள்ள ஆட்கொலை எனவும் பிரித்தது. முன்னையதற்கு மரண தண்டனையும், பின்னையதற்கு 20 ஆண்டுகள் வரையான சிறையும் விதித்தது. பொதுமக்கள் பேச்சில் இரண்டும் கொலையே. சட்டத்தில் அவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் உயிரின் அளவு.

உலக அரசியலிலிருந்தும் ஒன்று கூறலாம். 1962 ஒக்ரோபரிற் கியூபாவுக்குச் செல்லும் படைக்கலக் கப்பல்களைத் தடுக்க முனைந்த அமெரிக்க ஜனாதிபதி கெனடி, அச்செயலைப் ‘புளொக்கேட்’ என்னாது ‘குவாறன்டீன்’ என்றார். முன்னையது பன்னாட்டுச் சட்டத்திற் போர்ச்செயலாகக் கொள்ளப்படுவது. பின்னையது நோய் பரவாது கப்பல்களைத் தடுத்து வைத்தலைக் குறித்த பழஞ்சொல். கடலிலே நின்ற போர்க்கப்பல்கள் இரு சொல்லுக்கும் ஒன்றே. ஆயினும் மென்சொல் எதிரிக்குப் பின்வாங்க வழிவிட்டது. அதேவேளை, செயலின் வன்மையை அது மூடி மறைத்தது என்றுங் கூறலாம். நல்ல தெரிவும் நயவஞ்சகத் தெரிவும் சிலவேளை ஒரே சொல்லிற் கூடிநிற்கும். அவற்றைப் பிரித்தறியக் கற்றவனே செய்தித்தாளை வாசிக்கத் தகுதியுடையவன்.

ஆதலின் நம் முடிவு இதுவாகும். றோசேயின் நூலை மாணவர் கையிலிருந்து பறித்தல் வேண்டியதில்லை. அதனைத் திறக்கும் முறையைக் கற்பித்தல் வேண்டும். அங்கே மறந்த சொல்லைத் தேடுக. அறியாத சொல்லைக் கண்டால் அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் தரும் அகராதியிற் சென்று காண்க. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதி இவ்வகையில் ஒப்பற்ற துணை. பின்னர் மூன்று வினாக்களை வினவுக: இச்சொல் எதனை உள்ளடக்கி எதனை விலக்குகின்றது? இது எச்சொற்களோடு கூடிவாழ்வது? இதனை ஆளும்போது நான் எப்பக்கத்தில் நிற்கின்றேன்? மூன்றுக்கும் விடை தெரியாதவிடத்து, தெரிந்த எளிய சொல்லை எழுதுக. யாவற்றுக்கும் மேலாக நிறைய வாசிக்க வேண்டும். சொல்லின் சுற்றத்தை அறியும் வழி அச்சுற்றத்தோடு பழகுவதேயன்றி வேறில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பாரிய சொல்லைக் கண்டு புள்ளி வழங்கும் வழக்கத்தை நாம் முதலில் விடுதல் வேண்டும். மாணவன் தன் அப்பாச்சி ‘ஓல்ட்’ என்று எழுதி, அடுத்த வாக்கியத்தில் அவருடைய கை நடுக்கத்தையும், அக்கையாலேயே அவர் விடியலில் முற்றங் கூட்டுவதையும் எழுதினானாயின், அந்தச் சிறிய சொல்லுக்கு வேண்டிய நிறைவு முழுதும் வந்துவிடும். அத்தாளுக்கு அஞ்சாது புள்ளி வழங்குவோமாக.